ஒருவர் கடக்கிறார்

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டியைச் செய்கிற ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது. சிரிக்க வேண்டாம். வண்டி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓட்டுநர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அந்த வண்டிக்கு ஓட்டுநரே கூடாது என்பது நிலையத்தின் லட்சியம். விதியும் லட்சியமும் முட்டிக்கொண்டால் இரண்டுக்கும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம். அப்படித்தான் கொட்டகையில் வெள்ளைத் துணி போர்த்தி நின்ற வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்தது, நாற்காலியில் அவர் வந்தார்.

நான்கு வருடம் உட்கார்ந்திருந்தார். காலையில் துணியை எடுத்துத் தூசி தட்டுவார், சாயங்காலம் மறுபடி போர்த்துவார். வண்டி கொட்டகையை விட்டு ஒரு முழம் நகரவில்லை. ஆனால் மாடியில் அதே வண்டி நாற்பது லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்திருந்தது. மாடியில் இருந்த பொறியாளர்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஊரையே கட்டியிருந்தார்கள். தெரு, மரம், சிக்னல், மழை, மழையில் தேங்கும் தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. வண்டியின் மூளையை மட்டும் அந்த ஊருக்குள் இறக்கிவிட்டு, எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்று பழக்கினார்கள். இதற்கு சிமுலேஷன் என்று பெயர். நிஜத் தெருவில் பழக்கினால் யாராவது அடிபடுவார்கள், கம்ப்யூட்டர் தெருவில் அந்தப் பயம் இல்லை. நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை தோறும் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். ‘இந்த வாரம் ஓடியது இருபதாயிரம் கிலோமீட்டர். விபத்து ஏதும் இல்லை.’ முதல் முறை அதைப் படித்ததும் ஓட்டுநர் கொட்டகைக்குத் திரும்பிச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். டயர்க் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

அவருக்கு இடது முட்டி மடங்காது. முன்பு லாரி ஓட்டியபோது ஏறும் படியில் சறுக்கி விழுந்ததில் உடைந்து, கோணலாகக் கூடிவிட்டது. நடக்கும்போது உடம்பை இடப்பக்கம் சாய்த்து, அந்தக் காலை ஒரு வீச்சு வீசித்தான் முன்னே வைக்க முடியும். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தார். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வீடு நிலையத்தின் மதிலை ஒட்டிய சந்தில் இருந்தது, மகளின் பள்ளிக்கூடம் சாலைக்கு எதிர்ப்புறம். தினமும் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு போவார். அவள் நான்கு எட்டு ஓடுவாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், அப்பா வந்து சேர்ந்ததும் மறுபடி நான்கு எட்டு. இந்த நான்கு எட்டு இடைவெளி இல்லாமல், அவள் கையைப் பிடித்தபடி, அவள் வேகத்துக்கு ஒரு நாளாவது பள்ளிக்கூடம் வரை நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

வம்பு எங்கிருந்து வந்தது என்றால், வெளியூரிலிருந்து தரச் சான்றிதழ் கொடுக்க வந்த நிபுணர் ஒருவரிடமிருந்து வந்தது. மூன்று நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மூன்றாம் நாள் சாயங்காலம், “எல்லாம் பிரமாதம். இந்த ஊர்ல ஆளே இல்லையா?” என்று கேட்டார். அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். நாற்பது லட்சம் கிலோமீட்டரில் வண்டி யார் மீதும் மோதவில்லை என்பது உண்மை. மோதுவதற்கு ஒருவரையும் வைக்கவில்லை என்பதும் உண்மை.

ஆட்களைச் சேர்க்க வேண்டும். விதவிதமாக நடக்கும் ஆயிரம் பேரைக் கம்ப்யூட்டருக்காக விலைக்கு வாங்கலாம், ஆனால் கொள்முதல் குழு கூடுவதற்கே எட்டு மாதம் ஆகும். கீழே கொட்டகையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

பொறியாளர் ஒருவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். நல்ல பையன். சாப்பாட்டைக்கூடத் திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவான், எதைச் சாப்பிட்டான் என்று கேட்டால் தெரியாது.

“அண்ணே, ஒரு அரை மணி நேரம் நடக்கணும்.”

“எங்க தம்பி?”

“சும்மா, இங்கேயும் அங்கேயும்.”

உடம்பெல்லாம் வெள்ளைக் குமிழ் ஒட்டிய கறுப்புச் சட்டை ஒன்றை மாட்டி, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வைத்து, குமிழ்களின் அசைவைக் கேமராவில் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். அடுத்த வாரம் பொறியாளர் ஆசையோடு மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினான். கம்ப்யூட்டர் ஊரில் ஜேஜே என்று கூட்டம். கூந்தல் வைத்த பெண்கள், தொப்பி போட்ட தாத்தாக்கள், பை மாட்டிய பிள்ளைகள். நாலாயிரம் பேரும் இடப்பக்கம் சாய்ந்து, இடது காலை வீசி வீசி நடந்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண் அவர் மகளின் உயரம் இருந்தாள்.

“தம்பி, எல்லாரும் என்னை மாதிரியே நடக்கறாங்களே.”

“ஆமாண்ணே. நீங்கதான் சராசரி.”

“ஒரு ஆளை வச்சா சராசரி எடுப்பாங்க?”

“ஒரு ஆள்னாதாண்ணே சுத்தமா வரும். ரெண்டாவது ஆள் வந்தா உடனே வித்தியாசம் வந்துடும். இதுல பிழை விகிதம் பூஜ்யம்.”

“எனக்குக் காலு சரியில்ல தம்பி.”

பொறியாளர் முதல் தடவையாக அவர் காலைப் பார்த்தான். நான்கு வருடமாக எதிரும் புதிருமாக நடந்து போனவன்தான். “அப்படியா? எனக்குத் தெரியலியே” என்றான். தெரியாதுதான், பாவம், அது திரையில் வரவில்லை.

புது ஜனங்களோடு வண்டி மேலும் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடியது. யார் குறுக்கே வந்தாலும் நின்றது. சான்றிதழும் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து சேர்ந்தது. வண்டியைத் துணி விலக்கி வெளியே எடுக்க நாள் குறித்தார்கள். வண்டியின் நெற்றியில் ஒளிரும் பலகை ஒன்று வைத்தார்கள். குறுக்கே எத்தனை பேர் போகிறார்களோ அதைக் கண்டு அது எழுத்தில் காட்டும். பாதசாரிகளுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை.

திறப்பு விழாவில் முதலில் ஓட்டுநரை நடக்கவிட்டார்கள். அவர் சாய்ந்து சாய்ந்து பாதையைக் கடந்தார். வண்டி பூப்போல நின்றது. ‘ஒருவர் கடக்கிறார்’ என்று பலகை எழுதியது. கைதட்டல் அடங்குவதற்குள் இயக்குநர் மாலையும் கழுத்துமாகப் புன்னகையோடு பாதையில் இறங்கினார். நிமிர்ந்த நெஞ்சு, நேரான நடை. ‘பாதையில் யாரும் இல்லை’ என்று எழுதிக்கொண்டே வண்டி அவரை நோக்கி வந்தது. சைக்கிள் வேகம்தான், ஆனால் இரண்டு டன் கனம். ஓட்டுநர் தாவிப் பிடித்து இழுக்காவிட்டால் நிலையத்துக்குப் புது இயக்குநர் தேவைப்பட்டிருப்பார். இருவரும் பூச்செடிகளுக்குள் விழுந்தார்கள். வண்டி அமைதியாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் நின்றது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. வண்டியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, இயக்குநர் நடந்த அந்த ஏழு விநாடிக்கு நேராக, ‘நிழல். ஆபத்தில்லை. தொடரலாம்’ என்று இருந்தது. ஏனென்றால் வண்டி பார்த்து வளர்ந்த ஊரில் ஆடாமல் அசையாமல் நேராக நகர்கிறவை நிழல்கள் மட்டும்தான். சரி, நேராக நடப்பவர்களையும் சேர்த்துப் பழக்கிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் குழுவுக்குப் புதிது. ஜனத்தொகையை மாற்றினால் ஐம்பது லட்சம் கிலோமீட்டரும் செல்லாது, சான்றிதழ் காலாவதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அத்தனை காகிதத்தையும் கிழிக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இயக்குநர் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார். நெற்றியில் பிளாஸ்திரி.

“என்னை வண்டி நிழல்னு சொல்லிடுச்சு. நான் கோவப்பட்டேனா? இல்ல. யோசிச்சேன். வண்டிக்கு ஐம்பது லட்சம் கிலோமீட்டர் அனுபவம். நான் என் வாழ்க்கையில மொத்தமா எத்தனை கிலோமீட்டர் நடந்திருப்பேன்? கார்லருந்து லிஃப்ட், லிஃப்ட்லருந்து சீட்டு. அப்ப மனுஷன் எப்படி நடப்பான்னு எனக்குத் தெரியுமா, அதுக்குத் தெரியுமா? நாமதான் தப்பா நடந்துட்டிருக்கோம். முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், யாரும் எனக்கு இதை எடுத்துச் சொல்லல.”

செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிக்கொள்வது என்று சொல்வார்கள் அல்லவா, அதை இவர்கள் சுற்றறிக்கையாக அடித்தார்கள். வளாகத்துக்குள் எல்லாரும் ‘ஏற்புடை நடை’ நடக்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க ஓட்டுநருக்குப் ‘பயிற்றுநர் (நடை)’ என்று கூடுதல் பொறுப்பு. தினமும் காலை ஒன்பதரைக்குக் கூடத்தில் வகுப்பு. கணக்குப் பிரிவுப் பெரியவர் வலது காலை வீசினார் என்று அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. பதவிக்குத் தகுந்த அளவு சாய்ந்தால் போதாதா என்று துணை இயக்குநர்கள் மனுக் கொடுத்தார்கள். வண்டிக்குப் பதவி தெரியாததால் மனு தள்ளுபடியானது. நிலையத்தின் வரலாற்றிலேயே மேலிருந்து கீழ் வரை எல்லாரும் ஒன்றுபோல் நடத்தப்பட்டது இதில்தான்.

ஓட்டுநருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இத்தனை வருடமாக அந்தக் காலைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, இப்போது பெரிய பெரிய படிப்பாளிகள், “இந்தக் கோணம் சரியா இருக்கா பாருங்க” என்று அவர் முன்னால் வந்து நின்றார்கள். வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

“என்னங்க, அவங்க வலி இல்லாம நடக்கறாங்க. நீங்க வலியோட நடக்கறீங்க. ரெண்டும் ஒண்ணா?” என்றாள்.

ஒரு வண்டி பன்னிரண்டு வண்டியானது. நகரசபை பார்த்து மகிழ்ந்து, மதிலுக்கு வெளியே இருந்த சாலையையும் வண்டிகளுக்குத் திறந்துவிட்டது. கடக்கும் இடங்களில் பலகை நட்டார்கள்: ‘உங்கள் பாதுகாப்புக்காக, இடப்பக்கம் சாய்ந்து, இடது காலை வீசி நடக்கவும்.’ காய்கறிக்காரர் கணுக்காலில் ஒரு முறை அடிபட்ட பிறகு ஊர் தானாகவே கற்றுக்கொண்டது. ஊரோடு ஒத்து வாழ் என்பது இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கம் முடிந்ததும் பத்து நிமிடம் நடைப்பயிற்சி. மகள் அதில் வகுப்பில் முதலாவதாக வந்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்தாள்.

“டீச்சர் கேட்டாங்கப்பா, எப்படி இவ்வளவு நல்லா நடக்கறேன்னு. எங்க அப்பா நடைன்னு சொன்னேன்.”

அவர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அலமாரியில் வைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது அதே வாரம்தான். முட்டியைத் திறந்து சரிசெய்ய நாள் கிடைத்துவிட்டது. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது என்று கடிதத்தின் அடியில் அச்சடித்திருந்தது.

ஆறு வார விடுப்புக்கு எழுதிக்கொண்டு நிர்வாக அதிகாரியிடம் போனார். அதிகாரி விண்ணப்பத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், ஒரு தடித்த பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.

“இங்க பாருங்க. நிலையத்தின் சொத்து, வரிசை எண் நூத்திப் பதினாலு. ‘அசல் நடை, ஒன்று.’ நீங்க கேக்கறது லீவு இல்ல, சொத்தைச் சேதப்படுத்த அனுமதி.”

“கால் என்னோடது சார்.”

“கால் உங்களோடதுதான், யாரு இல்லன்னா. நடை எங்களோடது. காலை எடுத்துட்டுப் போங்க, நடையை வச்சிட்டுப் போங்க. முடியுமா?”

“மூணு வருஷமா காத்திட்டிருக்கேன் சார். என் பொண்ணு கூட ஒரு நாளாவது—”

“உணர்ச்சிவசப்படக் கூடாது. நாம அறிவியல் நிலையம். சோதிச்சுப் பாத்துடலாம்.”

சோதித்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஓட்டுநருக்கு முட்டி அறுவை சிகிச்சை செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது, ரத்தம் இல்லை, வலி இல்லை. குணமான ஓட்டுநரைக் கம்ப்யூட்டர் சாலையைக் கடக்கவிட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கடந்தார், முந்நூற்றுப் பன்னிரண்டு முறையும் வண்டி ஏறிவிட்டது. பொறியாளர் முகம் வெளிறிப்போய்க் கீழே வந்தான்.

“அண்ணே, வேண்டாம்ணே. நான் பாத்தேன். ஒரு தடவை கூட நீங்க பிழைக்கல.”

“வண்டியைத் திருத்தலாமே தம்பி.”

“அது என் கையில இல்லண்ணே. உங்க முட்டி உங்க கையில இருக்கு.”

விவகாரம் அதோடு நிற்கவில்லை. எந்த விபத்தானாலும் விபத்து அறிக்கை உண்டு, அடிபட்டவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நிர்வாக அதிகாரி முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களை அடுக்கி மேஜையில் வைத்தார்.

“நான்தான் செத்துட்டேனே சார். எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “இயலாதவங்க இடது பெருவிரல் ரேகை வைக்கலாம்” என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து ரேகை வைத்தார். விரல் மையோடு வீட்டுக்கு வந்து, விடுப்புக் கிடைக்காது என்று மனைவியிடம் சொன்னார். வேலை போய்விட்டால் என்ன செய்வது, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்குமோ என்னவோ, படித்தவர்கள் என்று இழுத்தார். அவள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

“முந்நூத்திப் பன்னெண்டு தடவை செத்தவருக்கு லீவு எதுக்கு? நீங்க போய்ப் படுங்க. அவங்க கேட்டா, ஆளு கம்ப்யூட்டர்ல இருக்காரு, அங்க தேடுங்கன்னு நான் சொல்லிக்கறேன்.”

அவர் போய்ப் படுத்தார். நிஜ அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம் ஆனது, ரத்தமும் இருந்தது, வலியும் இருந்தது. இரண்டாம் வாரம் கட்டிலைப் பிடித்து நின்றார். நான்காம் வாரம் முட்டி மடங்கியது. மருத்துவர் தட்டிப் பார்த்து, இனி ஓடக்கூட ஓடலாம் என்றார். வார்டின் நீளத்துக்கு நடந்து காட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

நிலையத்திலிருந்து ஓர் ஓலை வந்திருந்தது. நிலையம் பெருந்தன்மையானது என்பதால் வேலை போகவில்லை. கொட்டகை நாற்காலி அப்படியே இருந்தது. அறுவை சிகிச்சை நடந்த தேதி முதல், வண்டிகளைப் பொறுத்தமட்டில் அவர் மனிதராகக் கருதப்பட மாட்டார், சாலையில் அவருக்கு நேர்வதற்கு அவரே பொறுப்பு என்று மட்டும் எழுதி, கீழே இயக்குநர் ‘விரைவில் நலம் பெற வாழ்த்துகள்’ என்று கையால் சேர்த்திருந்தார்.

திங்கட்கிழமை காலை மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆறு வாரத்தில் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். சந்தில் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குச் சமமாக எட்டுவைத்து நடந்தார். நான்கு எட்டு, எட்டு எட்டு, பதினாறு எட்டு. ஒரு முறைகூட அவள் நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இதற்காகத்தானே இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் ஏதாவது பாடலாம்போல் இருந்தது.

சாலை வந்தது. வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. மகள் கையை உருவிக்கொண்டு, இடப்பக்கம் சாய்ந்து, இடது காலை வீசி இறங்கினாள். அவர் புது முட்டியின் உற்சாகத்தில் வண்டியை மறந்து பின்னாலேயே நேராக நடந்தார். வண்டி மகளுக்கு வழிவிட்டு நின்றது. நெற்றிப் பலகை எழுதியது: ‘ஒருவர் கடக்கிறார்.’ அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அப்பா, சாய்ஞ்சு நடப்பா. அதுக்கு உன்னைத் தெரியல.”

அவர் சாய்ந்தார். காலை வீசினார். முட்டி அழகாக மடங்கியது. இருபத்தெட்டுத் தையல் போட்டுச் சரிசெய்த முட்டி, பின்னே மடங்காமல் என்ன செய்யும்? பலகை மாறவில்லை. மகள் பாதிச் சாலையிலிருந்து திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“இப்படி இல்லப்பா. முட்டியை மடக்கக் கூடாது. இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமா வீசணும். என்னைப் பாரு.”

நடந்து காட்டினாள். பதினோரு வருடம் அவர் வலியோடு நடந்த நடை, ஓர் இம்மி பிசகவில்லை. அவர் அதைப் பார்த்துப் பார்த்து, பல்லைக் கடித்து, புது முட்டியை விறைத்துக்கொண்டு நடந்தார். நடுச்சாலைக்கு வந்ததும் பலகை மாறியது: ‘இருவர் கடக்கிறார்கள்.’ வண்டிக்குள் உட்கார்ந்திருந்த யாரோ கைதட்டினார்கள்.

எதிர்ப்புறம் ஏறியதும் அவர் நிமிர்ந்தார். பள்ளிக்கூட வாசல் இன்னும் ஐம்பது அடி தள்ளி இருந்தது. மகள் அதே சாய்வோடு போய்க்கொண்டிருந்தாள்.

“தாண்டியாச்சு கண்ணு. இனி நேரா நட.”

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். “நேராத்தானே நடக்கறேன்” என்றாள்.